ஒரு பெட்டிக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

அறிவியல் பயிலும் மாணவருக்கு ஆய்வுக்கூடம் இன்றியமையாதது. வேதியியல் மாணவர் தம் வீட்டு அலமாரியில் அமிலக் குப்பிகளை அடுக்கிவைத்தல் இயலாது. கணிப்பொறியியல் பயில்வோருக்கோ ஒரு பேறு உண்டு. தமிழ் அகராதி ஒன்றின் பருமனேயுள்ள பெட்டிக்குள் தம் ஆய்வுக்கூடம் முழுவதையும் அடக்கி, படிக்கும் மேசைமீதே வைத்துவிடலாம். அக்கூடத்தைச் சிறு செலவில் அமைக்க எக்கருவிகளைக் கொள்ளுதல் வேண்டும், எவற்றைத் தள்ளுதல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுத எனக்குள்ள தகுதி ஒன்றுதான்: முதலில் தவறான கருவியை வாங்கிப் பணத்தை இழந்தவள் நான். எங்கள் குடும்பம் தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடிச் சந்தாபுராவில் வந்து குடியேறியது. தந்தையார் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். பல கணிப்பொறிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டு, அவற்றுள் ஒன்று செயலிழந்தாலும் ஒரே முடிவுக்கு வருவது எவ்வாறு என்பது என் முதுநிலை ஆய்வுப் பொருள். இதற்குக் குறைந்தது மூன்று கணிப்பொறிகள் தேவை. கல்லூரிக் கூடமோ மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும். மூன்று கணிப்பொறி வாங்க வழியில்லை. ஆகவே ஒன்றை வாங்கி அதனை மூன்றாக்க முனைந்தேன்.

மெய்ந்நிகர்ப் பொறி என்பது யாது?

ஒண்டுக் குடித்தன வீடுகளை நம்மில் பலர் அறிவோம். கட்டடம் ஒன்றே, கிணறு ஒன்றே. ஆயினும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனிச் சமையல். ஒரு வீட்டில் நடப்பது மற்றொரு வீட்டாருக்குத் தெரியாது. இடத்தையும் நீரையும் பங்கிட்டுக் கொடுப்பவர் வீட்டுக்காரர். ஒரே கணிப்பொறியில் பல மெய்ந்நிகர்ப் பொறிகள் குடியிருப்பதும் இம்முறையில்தான். வீட்டுக்காரரின் வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஒவ்வொரு மெய்ந்நிகர்ப் பொறியும் தானே முழுக் கணிப்பொறி என்று எண்ணிக்கொண்டு இயங்கும். ஒன்றில் லினக்ஸும் மற்றொன்றில் விண்டோஸும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஒன்றைக் கெடுத்துவிட்டால் அதனை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் படைக்கலாம், ஏனையவற்றுக்கு ஊறில்லை.

இக்கருத்து புதியதன்று. 1960-களில் கணிப்பொறி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த பெரும் பொறி. ஒரு பல்கலைக்கழகத்துக்கே ஒன்று இருந்தால் பெரிது. அதனைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிகாணும் பொருட்டு, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். அறிவியல் நிலையத்தார் சி.பி-40 என்னும் அமைப்பை உருவாக்கினர். 1967-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1972-இல் வி.எம்/370 என்ற பெயரில் அக்கருத்து வணிகப் பொருளாயிற்று. 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்னும் இருவர், ஒரு செயலியைப் பல மெய்ந்நிகர்ப் பொறிகளாகப் பகுப்பதற்கு அது எவ்வியல்புகளைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பதைக் கணித முறையில் வரையறுத்தனர்.

நாம் வீட்டில் வைத்திருக்கும் இன்டெல் வகைச் செயலிகள் அவ்வரையறைக்கு நெடுங்காலம் உட்படவில்லை. சில கட்டளைகளைக் குடித்தனக்காரர் இட்டாலும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவை நடந்தேறிவிடும், இதுவே குறை. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனத்தார் அக்கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உபாயத்தால் இத்தடையைக் கடந்தனர். பின்னர்ச் செயலி செய்வோரே குறையை நீக்கினர். 2005-இல் இன்டெல் வி.டி-எக்ஸ் என்னும் வசதியையும், 2006-இல் ஏ.எம்.டி. தன் ஏ.எம்.டி-வி வசதியையும் செயலிக்குள்ளேயே அமைத்தன. 2007-இல் கே.வி.எம். என்னும் ஹைப்பர்வைசர் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. அன்று முதல், பெரும் நிறுவனங்கள் மட்டுமே கையாண்ட கலை ஏழை மாணவருக்கும் எட்டுவதாயிற்று.

முதலில் வேலை, பின்பு கருவி

கணிப்பொறி வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது தந்தையார் கேட்ட கேள்வி இது: "ஏம்மா, என்ன ஜாப்புன்னு தெரியாம மெஷின் வாங்குவாங்களா?" அவர் லேத்தை எண்ணிக் கேட்டார். நான் சிரித்துவிட்டுப் போனேன். சிரித்திருக்கக் கூடாது. கருவி தேடுமுன் ஒரு தாளை எடுத்து, ஒரே நேரத்தில் ஓட வேண்டிய பொறிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நினைவகம் தேவை என்று எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் காண்போம்.

முதலாவது, தொடக்க நிலை மாணவர். அவருக்குத் திரைக்காட்சி இல்லாத லினக்ஸ் பொறிகள் மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் 2 ஜி.பி. கொடுத்தால் 6, ஹைப்பர்வைசருக்கு 2, ஆக மொத்தம் 8 ஜி.பி. 16 ஜி.பி. உள்ள பெட்டி அவருக்குத் தாராளம்.

இரண்டாவது, சற்று முன்னேறிய மாணவர். குபர்நெட்டீஸ் என்னும் அமைப்பைப் பயில விரும்புகிறார். தலைமைப் பொறிக்கு 4 ஜி.பி., தொழிலாளிப் பொறிகள் இரண்டுக்கு மும்மூன்றாக 6, தரவுத்தளத்துக்கு 2, விண்டோஸ் 11 ஒன்றுக்குக் குறைந்த அளவாகிய 4, பிணையத் தடுப்புப் பொறிக்கு 1, ஹைப்பர்வைசருக்கு 2. கூட்டினால் 19 ஜி.பி. இவருக்கு 16 போதாது; 32 வேண்டும்.

இக்கணக்கைச் செய்தவர்க்குப் பாதி ஐயம் தீர்ந்துவிடும். செய்யாதவர் கடைக்காரர் காட்டும் பெரும் எண்களில் மயங்குவர். நான் மயங்கியது அவ்வாறே.

நினைவகமே தலையாயது

செயலியின் வேகத்தையே பெரிதாகக் கருதுவது புதியவர் இயல்பு. நம் வேலைக்கோ ரேம் எனப்படும் நினைவகமே முதன்மையானது. காரணம் யாது? மீண்டும் ஒண்டுக் குடித்தனத்துக்கே வருவோம். ஒரு கிணற்றில் ஆறு குடும்பங்கள் முறைவைத்து நீர் இறைக்கலாம். பெரும்பாலான நேரம் கிணற்றடியில் எவரும் இரார். செயலி அத்தகையது. அதை நொடியின் சிறு கூறுகளாகப் பகுத்துப் பலர்க்கும் அளிக்கலாம். நான்கு கருக்களையுடைய செயலியில் எட்டு மெய்ந்நிகர்க் கருக்களை ஒதுக்கினாலும் குற்றமில்லை. ஆனால் படுத்துறங்கும் இடத்தை முறைவைத்துக் கொள்ள இயலுமா? ஒருவர் படுத்த இடம் விடியும்வரை அவருடையது. நினைவகம் அத்தகையது.

நினைவகம் தீர்ந்துபோனால் ஹைப்பர்வைசர் அதன் ஒரு பகுதியை வட்டில் கொண்டுபோய் வைக்கும். நினைவகத்தை அணுக ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும், எஸ்.எஸ்.டி. வட்டை அணுக அதைப்போல் ஆயிரம் மடங்கு காலம். சுழலும் வன்தட்டை அணுக இலட்சம் மடங்கு. பொறி நின்றுவிட்டதோ என்று நாம் ஐயுறும் நிலை அப்போதுதான் வருகிறது.

எனவே பெட்டி வாங்கும்போது அதில் எத்தனை நினைவக இடங்கள் உள்ளன, இப்போது எத்தனை நிரம்பியுள்ளன என்று கேளுங்கள். 16 ஜி.பி. ஒரே துண்டாக இருந்து மற்றோர் இடம் காலியாயிருப்பின், பின்னாளில் இன்னொன்றைச் சேர்க்கலாம். இரண்டு எட்டாக இருப்பின், கூட்ட வேண்டும்போது ஒன்றையாவது கழற்றி வீசவேண்டியதாகும். மற்றொரு செய்தி: செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. ஆதலின் வெறும் பெட்டியை மலிவாக வாங்கி நினைவகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் பழைய அறிவுரை இப்போது பொருந்தாது. நினைவகத்தோடு வரும் பெட்டியே இலாபம்.

செயலியும் சேமிப்பும்

செயலியில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, மேற்சொன்ன வி.டி-எக்ஸ் அல்லது ஏ.எம்.டி-வி வசதி. கடந்த பத்தாண்டுகளில் வந்த மேசைச் செயலிகளில் இது பெரும்பாலும் உண்டு. ஆனால் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸ் ஓடும் பொறியாயின், டாஸ்க் மேனேஜரில் செயலிக்குரிய பக்கத்தைத் திறந்தால் விர்ச்சுவலைசேஷன் என்னும் வரி அதனைக் கூறிவிடும். இரண்டாவது, வி.டி-டி என்னும் வசதி. ஒரு பிணைய அட்டையையோ வேறு கருவியையோ ஒரு மெய்ந்நிகர்ப் பொறிக்கே முழுவதும் உரிமையாக்க இது உதவும். தொடக்கத்தில் தேவைப்படாது; இருப்பின் நன்று. மூன்றாவது, செயலிப் பெயரின் இறுதி எழுத்து. இன்டெல்லின் டி என்று முடியும் செயலிகள் 35 வாட் அளவில் இயங்குமாறு செய்யப்பட்டவை. ஐ5-6500டி நான்கு கருக்களை உடையது. ஐ5-8500டி ஆறு கருக்களை உடையது. மாணவர் வேலைக்கு இவ்விரண்டுமே போதும்.

புதிய பெட்டியே வேண்டும் என்போர் 2023-இல் வந்த இன்டெல் என்100 செயலியுள்ள சிறு பெட்டிகளைக் கருதலாம். நான்கு கருக்கள், மின் நுகர்வு மிகக் குறைவு. ஆனால் இன்டெல் குறிக்கும் அதன் நினைவக எல்லை 16 ஜி.பி. நம் முதல் எடுத்துக்காட்டு மாணவருக்கு அது ஏற்றது, இரண்டாமவருக்கு ஏற்றதன்று.

சேமிப்பைப் பொறுத்தவரை, சுழலும் வன்தட்டில் மெய்ந்நிகர்ப் பொறிகளை வைக்க வேண்டா. அதன் முள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓடி ஓடிப் படிப்பது. நொடிக்கு நூறு முறை அளவே ஓட இயலும். ஐந்து பொறிகள் ஒருங்கே விழித்தெழுந்தால் அது திணறும். எஸ்.எஸ்.டி. நொடிக்குப் பல்லாயிரம் முறை விடையளிக்கும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் தொடங்கலாம். பழைய வன்தட்டு இருந்தால் அதனைப் படிகள் எடுத்து வைக்கப் பயன்படுத்துக.

மின்சாரம் என்னும் மறைந்த விலை

இனி என் பிழையைக் கூறுகிறேன். 2024-இல், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பதினெட்டாயிரம் ரூபாய் கையில் இருந்தது. ஒரு கடையில் பழைய சேவையகம் ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு செயலிகள், 64 ஜி.பி. நினைவகம். அந்த விலைக்கு அவ்வளவா என்று வியந்து வாங்கிவிட்டேன். ஆட்டோவில் ஏற்ற இருவர் தேவைப்பட்டனர். வீட்டில் அதனை முடுக்கியபோது எழுந்த விசிறியின் ஓசை, மாவரைக்கும் இயந்திரத்தின் ஓசையை ஒத்திருந்தது. இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் தந்தையாருக்கு உறக்கம் போயிற்று. ஆயினும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாத இறுதியில் மின்கட்டணச் சீட்டு வந்தது. கர்நாடகத்தில் 2023 ஆகஸ்டு முதல் கிருக ஜோதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு வீட்டின் முந்தைய சராசரியோடு பத்து விழுக்காடு சேர்த்து, அவ்வளவு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கும். அதனை மீறினால் மிகுதிக்கு மட்டும் பணம் செலுத்த வேண்டும். மாத நுகர்வு 200 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ முழுத் தொகையையும் செலுத்த வேண்டும். எங்கள் வீட்டுச் சராசரி 90 யூனிட். இலவச அளவு 99. அந்த மாதம் மீட்டர் காட்டியது 207. பல மாதங்களாகச் சுழியமாக இருந்த சீட்டில் நான்கிலக்கத் தொகையைக் கண்ட அம்மா, மீட்டர்தான் பழுதென்று எண்ணினார். பழுது மீட்டரில் இல்லை; என் அறையில் இருந்தது.

அதன்பின்னரே ஓர் அளவியைச் செருகிப் பார்த்தேன். வேலை ஏதுமின்றி நிற்கும்போதே அந்தச் சேவையகம் 160 வாட் உண்டது. கணக்கு எளிது. 160 வாட், 24 மணி நேரம், 30 நாள்: பெருக்கினால் 115.2 யூனிட். அதே கணக்கை 15 வாட் உண்ணும் சிறு பெட்டிக்குச் செய்தால் 10.8 யூனிட். யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்று கொண்டால், ஓராண்டில் முன்னதற்கு 9,676 ரூபாய். பின்னதற்கு 907 ரூபாய். வேறுபாடு எட்டாயிரத்து எழுநூறுக்கு மேல். இரண்டாண்டுப் படிப்பில் இந்த வேறுபாடே ஒரு புதிய பெட்டியின் விலையாகிவிடும். வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர் பாதி விலையைத்தான் பார்க்கிறார்.

சேவையகத்தை ஒன்பதாயிரத்துக்கு விற்றேன். அதன் நினைவகத்தையாவது வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன், அதுவும் ஆகவில்லை. சேவையகத்துக்குரிய ரெஜிஸ்டர்டு வகை நினைவகம் சிறு பெட்டிகளில் பொருந்தாது.

எதை வாங்குவது, எங்கே வாங்குவது?

காலம் நமக்கு ஒரு வாய்ப்பைத் தந்துள்ளது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்குரிய இலவசப் பாதுகாப்பு ஆதரவு பொதுவாக நின்றுபோயிற்று. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே தகுதியுடையனவாக அறிவிக்கப்பட்டுள்ளன. ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. நமது ஹைப்பர்வைசர் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதாயின் அவ்விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. அலுவலகத்துக்கு உதவாதது நமக்கு உதவும்.

டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி. எலைட்டெஸ்க் மினி, லெனோவா திங்க்சென்டர் டைனி ஆகிய மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்த சிறு பெட்டிகள். 1978-இல் கியோனிக்ஸ் தொடங்கிய எலெக்ட்ரானிக்ஸ் சிட்டி, சந்தாபுராவுக்கு அண்மையிலேயே உள்ளது. அங்குள்ளவை போன்ற அலுவலகங்கள் குத்தகை முடிந்து திருப்பும் பெட்டிகள் மறுசீரமைப்போர் வழியாக நகரின் கடைகளுக்கு வருகின்றன. பெங்களூரில் இதற்குப் பேர்போன இடம் எஸ்.பி. ரோடு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ திறக்கப்பட்டபின், பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோடில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடந்துவிடலாம். சென்னைக்குப் போகும் நண்பர்கள் ரிச்சித் தெருவிலும் விசாரிக்கலாம்.

கடையில் வெட்கப்படாமல் செய்ய வேண்டியவை:

1. பெட்டியை உங்கள் கண்முன் முடுக்கச் சொல்லிப் பயாஸில் நுழையுங்கள். பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் குறுக்கிட்டால் வாங்காதீர்கள்.

2. மெய்ந்நிகர் வசதி உள்ளதா, அதனைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

3. மூடியைத் திறந்து நினைவகத் துண்டுகளையும் காலி இடத்தையும் எண்ணுங்கள். விசிறியில் தூசி அடைத்துள்ளதா என்றும் காணுங்கள்.

4. எஸ்.எஸ்.டி.யின் உடல்நிலை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் உழைத்துள்ளது, எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை அதுவே கூறும்.

5. பெட்டிக்கு உரிய அடாப்டரையே கேட்டு வாங்குங்கள். சில வகைப் பெட்டிகள் வேற்று அடாப்டரைக் கண்டால் செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும்.

6. வரிசை எண்ணும் உத்தரவாத நாளும் குறித்த பில் இல்லாமல் பணம் கொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓடவிட்டு நினைவகத்தைச் சோதியுங்கள். குறையிருந்தால் உத்தரவாத நாளுக்குள் திருப்பலாம்.

மென்பொருளுக்குச் செலவில்லை. டெபியன் லினக்ஸின்மேல் அமைந்த பிராக்ஸ்மாக்ஸ் என்னும் ஹைப்பர்வைசர் 2008 முதல் கிடைக்கிறது; கே.வி.எம்.மை அடிப்படையாகக் கொண்டது, கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். முடிந்தால் சிறு யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திடீர் மின்தடை, எழுதிக்கொண்டிருக்கும் வட்டைக் கெடுத்துவிடக்கூடும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரியுள்ள யு.பி.எஸ். நல்ல நிலையில் இருந்தால், 20 வாட் சுமையை ஒரு மணி நேரமாவது தாங்கும்.

எதுவும் வாங்காமலே தொடங்கலாம்

இறுதியாக ஒன்று. 8 ஜி.பி. நினைவகமுள்ள மடிக்கணினி உங்களிடம் இருந்தால், இன்றே அதில் வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, சிறு லினக்ஸ் பொறிகள் இரண்டினை ஓடவிடுங்கள். இரண்டு மாதம் அதிலேயே பயிலுங்கள். இடம் போதவில்லை என்று எப்போது உண்மையாகவே தோன்றுகிறதோ, அப்போது எவ்வளவு தேவை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அந்த இரண்டு மாதம் பொறுத்திருந்தால் ஒன்பதாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இப்போது என் மேசைமேல் இருப்பது ஐ5-8500டி செயலியும் 16 ஜி.பி. நினைவகமும் உள்ள பழைய சிறு பெட்டி. விலை 14,500 ரூபாய். ஆய்வுக்குரிய மூன்று பொறிகளும் அதில் ஓடுகின்றன. ஒன்றை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, மற்ற இரண்டும் எத்தனை நொடியில் புதிய தலைவனைத் தேர்ந்தெடுக்கின்றன என்று இரவு பத்து மணிக்கும் அளந்து குறிக்க முடிகிறது. உறங்கப் போகுமுன் அதனை அணைத்துவிடுகிறேன். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 7.2 யூனிட், வீட்டுக் கணக்கு 97-இல் நிற்கிறது. 99-ஐத் தாண்டவில்லை.

சென்ற மாதச் சீட்டைத் தந்தையாரிடம் காட்டினேன். சுழியம் என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கையில் எடுத்து எடைபார்த்தார். "இதுக்குள்ள மூணா?" என்றார். ஆம் என்றேன். "சரி, ஜாப்புக்கேத்த மெஷின்தான்" என்று வைத்துவிட்டு உறங்கப் போனார்.

வாங்கப் போகும் நண்பர்கள் முதலில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க.